தசையின் கணக்கை எழுதிய மேதை – ஏ. வி. ஹில்

இறைவன் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் உடல் முதன்மையான ஒன்று. புனித சின்னப்பர் அவ்வுடலைப் பரிசுத்த ஆவியின் ஆலயமாகக் கண்டார். விசுவாச வாழ்வை விளக்க வந்தபோது ஓட்டப்பந்தய வீரனையே உவமையாக எடுத்துக்கொண்டார். ஆலயத்தைப் பெருக்கி மெழுகி விளக்கேற்றுவதில் நாம் காட்டும் அக்கறையை, இந்த உடலாலயம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிவதில் காட்டுகிறோமா? ஓடுகிறோம், தாண்டுகிறோம், குண்டு எறிகிறோம், கபடி ஆடுகிறோம். அந்த வலிமை எங்கிருந்து வருகிறது? ஓடி முடித்த பின்னரும் ஏன் நெடுநேரம் மூச்சு வாங்குகிறது? ஒருத்தி விரைவாக ஓட, மற்றொருத்தி நெடுந்தூரம் ஓடுவது எதனால்? இக்கேள்விகளுக்கு விடை காணத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஓர் அறிஞரின் வரலாற்றை இம்மலரில் சகோதரிகளுக்குச் சொல்ல விழைகிறோம். அவர்தாம் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில். உலகம் அவரை ஏ. வி. ஹில் என்றே அறியும்.

ஹில் 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தந்தை மர வியாபாரி. மகனுக்கு மூன்று வயது இருக்கும்போதே அவர் குடும்பத்தை விட்டுப் பிரிந்து போனார். ஆணையும் அவன் தங்கையையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. அந்த அன்னை மனம் தளரவில்லை. பிள்ளைகளுக்குத் தாமே முதற்பாடங்களைச் சொல்லிக் கொடுத்தார். பின்னர் டிவர்ட்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்த நல்ல பள்ளியில் மகனைச் சேர்த்தார். தனித்து நின்று பிள்ளைகளைக் கரை சேர்க்கும் தாய்மார்களை நம் கிராமங்களில் நாம் அன்றாடம் காண்கிறோம். அத்தகைய ஒரு தாயின் உழைப்பில்தான் இம்மேதை உருவானார்.

பள்ளியில் ஹில் கணிதத்தில் சிறந்து விளங்கினார். நெடுந்தூர ஓட்டத்திலும் அவருக்கு மிகுந்த விருப்பம் உண்டு. உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். நமது கணித மேதை இராமானுஜன் 1914-இல் சென்று சேர்ந்ததும் இதே கல்லூரிதான். ஹில் 1907-இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே மூன்றாம் இடத்தைப் பெற்றார். அந்த வழியிலேயே சென்றிருந்தால் கணிதப் பேராசிரியராகி இருப்பார். ஆனால் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான வால்டர் பிளெட்சர் தசைகளை ஆராய்ந்து வந்தார். அவருடைய தூண்டுதலால் ஹில் உடலியல் துறைக்கு மாறினார். கணக்கும் ஓட்டமும் அறிந்த ஒருவர் உடலின் வலிமையை அளக்கப் புகுந்தது அத்துறைக்கு நற்பேறாயிற்று.

ஹில் என்ன கண்டறிந்தார் என்பதற்கு முன், தசை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் உடலில் அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவேதான் பல இடங்களில் தசைகள் இணை இணையாக அமைந்துள்ளன. முழங்கையை மடக்க ஒன்று, நீட்ட ஒன்று. நாம் சுவரைத் தள்ளும்போதுகூட உள்ளே ஏதோ ஒரு தசை எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எலும்பு நெம்புகோலாக நின்று அந்த இழுவிசையை வெளியே கடத்துகிறது.

இதில் ஒரு வியப்பைக் கவனியுங்கள். கையை மடக்கும் தசை முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தொலைவில் எலும்பைப் பற்றியிருக்கிறது. உள்ளங்கையோ 30 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ளது. எனவே 4 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டை முழங்கையை மடக்கி உள்ளங்கையில் ஏந்தி நிற்கும் மாணவியின் தசை, ஏறத்தாழ 30 கிலோ எடையைத் தூக்குவதற்கு ஈடாக இழுக்க வேண்டியிருக்கிறது! தன்னால் ஒன்றும் முடியாது என்று ஒதுங்கி நிற்கும் மெலிந்த பெண்ணின் கையிலும் இத்தனை வலிமை மறைந்திருக்கிறது.

ஹில் தம் ஆராய்ச்சியைத் தவளையின் சிறு தசையைக் கொண்டு தொடங்கினார். தசை சுருங்கும்போது சிறிதளவு வெப்பம் தோன்றும். அவ்வெப்பம் ஒரு பாகையில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். எந்தக் கையாலும் உணர முடியாத அந்தச் சூட்டை மின்சாரமாக மாற்றி அளக்கும் நுண்கருவிகளை அவர் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செம்மைப்படுத்தினார். அக்கருவிகள் ஒரு புதிய உண்மையைக் காட்டின. தசை சுருங்கும்போது ஒரு வெப்பம் தோன்றுகிறது. வேலை முடிந்து தசை ஓய்ந்த பின்னரும் பல நிமிடங்கள் வெப்பம் தொடர்ந்து வருகிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் தசையை வைத்தாலும் அது சுருங்குகிறது, முதல் வெப்பமும் தோன்றுகிறது. ஆனால் பின்னர் வரும் வெப்பம் பெரிதும் குறைந்துவிடுகிறது. இதிலிருந்து ஹில் ஒரு முடிவுக்கு வந்தார். தசை வேலை செய்யும் கணத்தில் பிராணவாயுவுக்காகக் காத்திருப்பதில்லை. வேலையை முதலில் செய்துவிடுகிறது. பிராணவாயுவைக் கொண்டு பின்னர் தன்னைச் சீர்செய்துகொள்கிறது.

முதல் உலகப்போர் இடையில் வந்தது. ஹில் தம் கணித அறிவைக் கொண்டு விமானங்களைச் சுடும் பீரங்கிகளின் குறியைத் திருத்தும் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்ததும் மீண்டும் தசைக்குத் திரும்பினார். 1920-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1922-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு ஹில்லுக்கும் ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ மையர்ஹாஃப் என்பவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஒருவர் தசையின் வெப்பத்தை அளந்தவர். மற்றவர் தசையின் வேதியியல் மாற்றங்களை அளந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்வரை ஒன்றையொன்று அழிக்கப் போரிட்ட இரு நாடுகளின் மைந்தர்கள் ஒரே பரிசைப் பகிர்ந்துகொண்டு நண்பர்களாகவும் இருந்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தவளையோடு ஹில் நின்றுவிடவில்லை. அடுத்த ஆராய்ச்சிக்குத் தம் உடலையே கருவியாக்கினார். முதுகில் ஒரு பெரிய பையைக் கட்டிக்கொண்டு, வெளிவிடும் மூச்சை அப்பையில் சேர்த்தபடி புல்தரையில் சுற்றிச் சுற்றி ஓடினார். பையிலுள்ள காற்றை ஆராய்ந்து, உடல் எவ்வளவு பிராணவாயுவை ஏற்றது என்று கணக்கிட்டார். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் பிராணவாயு போதும். விரைந்து ஓடும்போது ஹில்லின் உடல் ஏற்ற அளவோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர். அதற்கு மேல் எவ்வளவு விரைந்தாலும் அந்த அளவு கூடவில்லை. நுரையீரலும் இதயமும் இரத்தமும் சேர்ந்து கொண்டுவந்து கொடுக்கக்கூடிய பிராணவாயுவுக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்று 1923-இல் அவர் எழுதினார். இன்று உலகெங்கும் விளையாட்டு வீரர்களைச் சோதிக்கும் முதன்மையான அளவுகளுள் அது ஒன்றாக விளங்குகிறது.

அந்த எல்லைக்கும் மேலான வேகத்தில் ஓடுபவள் என்ன செய்கிறாள்? கடன் வாங்குகிறாள்! ஹில் இதைப் பிராணவாயுக் கடன் என்றே பெயரிட்டு அழைத்தார். 100 மீட்டர் ஓட்டத்தில் நாம் விடும் மூச்சு மிகச் சிலவே. தசையில் முன்னரே சேமித்து வைத்த எரிபொருளைச் செலவழித்தே அந்த ஓட்டம் நடக்கிறது. கோட்டைத் தாண்டி நின்ற பின்னர் மார்பு ஏறி இறங்க, மூச்சு வாங்கி வாங்கி அக்கடனை அடைக்கிறோம். கையிருப்பைத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு அறுவடைக்குப் பின் கணக்குத் தீர்க்கும் குடியானவரைப் போன்றதுதான் நம் உடலும். ஓடி முடித்த பெண் மூச்சு வாங்குவது நோயின் அறிகுறி அன்று. நாணயமான உடல் தன் கடனைத் திருப்பிச் செலுத்துவதே அது.

இந்த உண்மை அச்சேறிய பின்னரும் உலகம் எளிதில் திருந்திவிடவில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. ஓடி முடித்தவர்களுள் சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. பெண்ணுடல் இதைத் தாங்காது என்று கூறி அவ்வோட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஆண்கள் களைத்து விழுந்தால் அது வீரம். பெண்கள் களைத்தால் அது ஆபத்து! மீண்டும் 800 மீட்டர் ஓட்டம் பெண்களுக்குக் கிடைக்க 1960-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாரத்தான் ஓட்டமோ 1984-இல்தான் கிடைத்தது. ஒரே பருமனுள்ள தசை, ஆணிடம் இருந்தாலும் பெண்ணிடம் இருந்தாலும், ஏறத்தாழ ஒரே அளவு விசையைத்தான் தரும் என்பது இன்று அறிவியல் ஏற்ற உண்மை. பருமனில் வேறுபாடு உண்டு. தன்மையில் தாழ்வு இல்லை.

ஹில் இளம் பிள்ளைகளிடமும் அன்பு கொண்டவர். 1926-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், இலண்டனில் சிறுவர் சிறுமியருக்காக ஆண்டுதோறும் நடைபெறும் புகழ்பெற்ற அறிவியல் சொற்பொழிவுகளை அவர் ஆற்றினார். நரம்பும் தசையும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதே பொருள். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்களின் வேகத்தை அளந்தார். ஓடுபவர் உடலில் ஒரு காந்தத்தைக் கட்டி, ஓடுபாதையின் ஓரமாகக் கம்பிச் சுருள்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொரு சுருளையும் அவர் கடக்கும்போது மின்சாரம் எழும்பிக் காலத்தைப் பதிவு செய்தது. சில விநாடிகளிலேயே ஓட்டக்காரர் தம் உச்ச வேகத்தை அடைந்துவிடுகிறார். பிறகு வேகம் சிறிது சிறிதாகக் குறைகிறது என்பதை இச்சோதனை காட்டியது. குறுந்தூர ஓட்டத்தில் வெல்பவர் பெரும்பாலும் கடைசியில் வேகத்தைக் கூட்டுபவர் அல்லர். வேகத்தை மற்றவரைவிடக் குறைவாக இழப்பவரே.

1938-இல் ஹில் தமது மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றை வெளியிட்டார். தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ, அவ்வளவுக்கு அதன் இழுவிசை குறையும். இதற்கு அவர் ஒரு சமன்பாட்டையும் அமைத்தார். கிணற்றில் நீர் இறைக்கும் எவருக்கும் இது கைவந்த பாடம்தான். வெறும் வாளியைச் சரசரவென்று இழுக்கலாம். நிறைந்த வாளியை மெதுவாகத்தான் இழுக்க முடியும். ஹில் அந்த அனுபவத்தை எண்ணால் எழுதிக் காட்டினார்.

குண்டு எறிதலில் உடற்பயிற்சி ஆசிரியை கையால் எறியாதே, காலால் எறி என்று ஏன் சொல்கிறார் என்பதும் இதனால் விளங்கும். முதலில் குண்டு அசையாமல் இருக்கிறது. அப்போது மெதுவாகவும் வலுவாகவும் இயங்கும் தொடை, இடுப்புத் தசைகள் அதைக் கிளப்ப வேண்டும். குண்டு வேகம் பெற்றபின் முதுகும் தோளும் சேர வேண்டும். கடைசியில் கையும் விரல்களும் விரைந்து முடிக்க வேண்டும். பாதம் தரையைப் பின்னுக்கு உந்த, தரை நம்மை முன்னுக்கு உந்துகிறது. அவ்விசை காலிலிருந்து விரல்நுனிவரை தடைபடாமல் ஏறிவர வேண்டும். இடையில் ஓர் அங்கம் முந்திக்கொண்டாலும் பிந்திவிட்டாலும் விசை வீணாகிறது. தேர் இழுக்கும்போது அனைவரும் ஒருசேர இழுத்தால்தானே தேர் நகரும்!

இடுப்பில் குடத்துடன் அசையாமல் நிற்கும் பெண்ணுக்கு ஏன் களைப்பு வருகிறது என்பதற்கும் ஹில்லின் வெப்ப அளவைகள் விடை தந்தன. குடம் மேலே எழவில்லை. எனினும் தசை இழுவிசையைத் தாங்கி நிற்க இடைவிடாமல் எரிபொருளைச் செலவழித்து வெப்பமாக வெளியிடுகிறது. உத்திரமேரூர் ஏரிப் பாசன வயல்களில் குனிந்து நாற்று நடுபவர், நெற்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் நடப்பவர், காஞ்சிபுரத்தில் நாள் முழுதும் தறி மிதிப்பவர் ஆகிய எல்லோரும் இக்கணக்கில் அடங்குவர். நம் அன்னையர் செய்யும் வேலை எவ்வளவு கடினமானது என்பதை வீட்டார் அறியாவிட்டாலும் அவர்களுடைய தசைகள் அறியும்.

ஹில்லின் நேர்மைக்கு ஒரு சான்று கூறுவோம். தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலமே அதைச் சுருங்கச் செய்கிறது என்று அவரும் மையர்ஹாஃபும் நம்பி வந்தனர். 1930-இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்ட் என்பவர், அந்த அமிலம் உண்டாகாமலே தசை சுருங்குவதைக் காட்டினார். நோபல் பரிசு பெற்ற பெருமை ஹில்லின் கண்ணை மறைக்கவில்லை. தசை அறிவியலில் ஒரு புரட்சி நிகழ்ந்துவிட்டது என்று 1932-இல் தாமே கட்டுரை எழுதிப் புதிய உண்மையை வரவேற்றார். லாக்டிக் அமிலம் வெறும் நஞ்சன்று, இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாகவும் பயன்படுத்துகின்றன என்று இன்று அறிகிறோம். தசைக்குள் இருவகை நுண்ணிழைகள் ஒன்றினூடே ஒன்று நழுவிச் செல்வதால்தான் சுருக்கம் நிகழ்கிறது என்பது 1954-இல் வெளியாயிற்று. அதை அறிவித்த அறிஞர்களுள் ஜீன் ஹான்சன் என்னும் பெண்மணியும் ஒருவர் என்பதை நம் சகோதரிகள் மறக்கலாகாது.

வலிமையை ஆராய்ந்த ஹில், வலிமையற்றவர்க்குத் துணை நிற்கவும் அறிந்திருந்தார். 1933-இல் ஹிட்லரின் ஆட்சி யூத அறிஞர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டியபோது, அவர்களுக்கு வேலையும் புகலிடமும் தேடித்தரும் குழுவை அமைத்தவர்களுள் ஹில் முன்னணியில் நின்றார். அக்கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். நூற்றுக்கணக்கான அறிஞர்கள் அக்குழுவால் வாழ்வு பெற்றனர். அவ்வாறு 1935-இல் ஜெர்மனியிலிருந்து தப்பி ஹில்லின் ஆய்வுக்கூடத்தை வந்தடைந்த இளைஞர் பெர்னார்ட் கட்ஸ், 1970-இல் தாமும் நோபல் பரிசு பெற்றார். பரிசைப் பகிர்ந்துகொண்ட மையர்ஹாஃபும் 1938-இல் தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது என்பது வரலாற்றின் துயரம்.

நம் நாட்டுக்கும் ஹில்லுக்கும் உறவு உண்டு. வங்காளப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்த 1943-ஆம் ஆண்டின் இறுதியில், அரசின் அழைப்பை ஏற்று அவர் இந்தியாவுக்கு வந்தார். 1944 ஏப்ரல் வரை தங்கி ஆய்வுக்கூடங்களையும் கல்லூரிகளையும் பார்வையிட்டார். இந்நாட்டில் அறிவியல் ஆராய்ச்சி எவ்வாறு வளர வேண்டும் என்று அறிக்கை அளித்தார். சிறந்த மருத்துவ ஆசிரியர்களை உருவாக்கும் தலைமையான நிலையம் ஒன்று இந்தியாவுக்குத் தேவை என்னும் கருத்துக்கும் அவர் வலுவூட்டினார். அக்கருத்து 1956-இல் புதுடெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமாக மலர்ந்தது. அதை நிறுவப் பெரிதும் பாடுபட்டவர் நாட்டின் முதல் சுகாதார அமைச்சரான ராஜ்குமாரி அம்ரித் கௌர். இந்திய வீரர்களுக்கு முறையான பயிற்சி அளிக்க 1953-இல் திட்டம் வகுத்தவரும் இப்பெண்மணியே.

உடற்பயிற்சியை அறிவோடு கற்பிக்கும் பணி நம் மாநிலத்தில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஹில் மான்செஸ்டரில் பதவியேற்ற அதே 1920-இல், ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1940-இல் அக்கல்லூரி பெண்களுக்கும் கதவைத் திறந்தது. பெண்கள் உடற்பயிற்சி ஆசிரியைகளாகிக் கிராமத்துப் பள்ளிகளுக்கு வருவதற்கு அதுவும் ஒரு வழி திறந்தது.

ஹில் 1951-இல் தம் ஆராய்ச்சிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றும் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. எண்பது வயதை நெருங்கும்வரை தசையோடு உழைத்தார். 1977-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், தமது 90-ஆம் வயதில் கேம்பிரிட்ஜில் காலமானார்.

அன்புள்ள பெற்றோரே, ஹில்லின் வாழ்க்கை நமக்குக் கூறும் செய்தி என்ன? வலிமை மாயமும் அன்று, ஒரு சிலருக்கே உரிய சொத்தும் அன்று. உணவாலும் மூச்சாலும் உழைப்பாலும் ஓய்வாலும் வளர்வது அது. பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று விளையாட்டுத் திடலிலிருந்து அவளை அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்ப்புறங்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. எலும்பும் தசையும் உறுதிப்படும் பருவமே அதுதான். அப்போது நிறுத்தினால் பிற்காலம் முழுவதும் அந்த இழப்பு தொடரும். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறையும். 2019–21-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. மகளுக்குக் காலை உணவு இல்லாமல் பள்ளிக்கு அனுப்புவதும், தம்பிக்கு முட்டையும் அவளுக்கு மிச்சமும் வைப்பதும் அவளுடைய தசையிடமிருந்து திருடுவதற்கு ஒப்பாகும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நம் கொல்லையிலும் வயலிலும் கிடைப்பவையே.

அன்புச் சகோதரிகளே, திடலில் இறங்குங்கள். முதலாவதாக வருபவளுக்கு ஒரு கோப்பைதான் உண்டு; ஆனால் ஓடும் ஒவ்வொருத்திக்கும் உறுதியான உடல் உண்டு. மூச்சு வாங்கினால் அஞ்சாதீர்கள், வெட்கப்படாதீர்கள். சற்றே நின்று கடனைத் தீர்த்துவிட்டு மீண்டும் ஓடுங்கள். பெற்ற வலிமையை ஹில்லைப் போல் எளியவர்க்குத் துணை நிற்கவும் பயன்படுத்துங்கள். இறைவன் கட்டித் தந்த இவ்வாலயம் உறுதியுடன் நிலைபெறட்டும்!